வீட்டு ஃபைபர் இணையம் மக்கர் செய்கிறதா? விளக்கைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

"வைஃபை வேலை செய்யல" என்று புகார் வரும்போது பல நேரம் வைஃபை ஒரு குற்றமும் செய்திருக்காது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர் ஒரு துண்டு. அந்த ஒளியை வாங்கி, நிறுவனத்தின் சர்வரில் லாகின் போடுவது இரண்டாவது துண்டு. பெட்டியிலிருந்து உங்கள் போனுக்கு வரும் ரேடியோ அலை மூன்றாவது. மூன்றில் எது அறுந்தாலும் வாட்ஸ்அப்பில் தெரிவது அதே கடிகாரக் குறிதான். எந்தத் துண்டு என்று முதலில் பிரித்துவிட்டால், மீதி வேலை பாதியாகிவிடும்.

ஃபைபர் நேராக நுழையும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். வீட்டில் எல்லோரும் அதை மோடம் என்றே சொல்வதால் இங்கேயும் மோடம்தான். கடையில் தனியாக வாங்கி அதோடு மாட்டுவது ரவுட்டர்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மோடத்தின் பின்னால் ஊசி விட்டு அழுத்துகிற சிறு துளை இருக்கும். அதுதான் ரீசெட். அதைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் லாகின் பெயர், கடவுச்சொல், விலான் எண் (நிறுவனம் உங்கள் இணைப்புக்குத் தரும் வழி எண்) என்று ஆள் வந்து போட்டுக் கொடுத்த எல்லாம் அழிந்துவிடும். சின்னக் கோளாறாக இருந்தது, டெக்னீஷியன் வரும்வரை முழு முடக்கமாக மாறும். ரீஸ்டார்ட் வேண்டுமானால் சுவிட்சை அணைத்து, முப்பது விநாடி விட்டுப் போடுங்கள். ஊசியைத் தேடாதீர்கள்.

எந்தத் துண்டு என்று பிரிப்பது

மோடத்தின் முகப்பில் பவர், பான், எல்ஓஎஸ், இன்டர்நெட், லேன், டபிள்யூலேன் என்ற பெயர்களில் விளக்குகள் இருக்கும். பான் என்பது நிறுவனத்தின் ஃபைபர் வலையோடு உள்ள தொடர்பு, எல்ஓஎஸ் என்பது ஒளி வரவில்லை என்ற அறிவிப்பு, லேன் என்பது கேபிள் துளை, டபிள்யூலேன் என்பது வைஃபை. சில மாடல்களில் இன்டர்நெட் விளக்கு இருக்காது. எல்லாம் நன்றாக இருக்கும்போது பவரும் பானும் இன்டர்நெட்டும் அசையாமல் எரியும், எல்ஓஎஸ் அணைந்திருக்கும்.

எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் கோளாறு வெளியே இருக்கிற கேபிளில், அல்லது அது மோடத்தில் சேரும் இடத்தில். எல்ஓஎஸ் அணைந்து, பான் நிலையாக எரிந்தும் இன்டர்நெட் விளக்கு எரியவில்லை என்றால் லாகின். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிய, போன் மட்டும் திணறினால் வைஃபை. கடைசியில் சொன்னதை உறுதி செய்துகொள்ள ஒரே வழிதான் உண்டு: லேப்டாப்பை லேன் கேபிளால் மோடத்திலேயே நேராக மாட்டிப் பாருங்கள். கேபிளில் வேகம் சரியாக வந்தால் நிறுவனத்துக்குப் போன் போடுவது வீண்.

விளக்கே எரியவில்லை, அல்லது தானாக அணைந்து அணைந்து எரிகிறது

முதல் சந்தேகம் எப்போதும் அடாப்டர் மேல்தான். மோடங்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் அடாப்டர் வரும். சிறிய ரவுட்டர்கள் சிலவற்றில் 9 வோல்ட், 0.6 ஆம்பியர். இரவு பகலாகச் சுவரில் தொங்கிச் சூடேறும் பொருள் அது. இரண்டு மூன்று கோடை தாண்டினால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் உப்பிவிடும். அப்போது ஒரு விசித்திரம் நடக்கும்: மல்டிமீட்டரில் தனியாக அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும், மோடத்தில் மாட்டி, நாலு பேர் வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் வோல்டேஜ் சரிந்து மோடம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். "கொஞ்ச நேரம் வருது, அப்புறம் போயிடுது" என்றால் மோடத்தைக் குறை சொல்லும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

மாற்றும்போது வோல்ட் அச்சாக அதே இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. லேபிளில் நடுப்புள்ளி பிளஸ் என்று காட்டும் சிறு படம் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். டிவி அலமாரிக்குப் பின்னால் மோடம், ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் என்று மூன்று கறுப்பு அடாப்டர்கள் ஒரே மாதிரி தொங்கும். பின்னும் மாறி மாறிப் பொருந்தும். 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் பெட்டியில் சொருகினால் ஒரு நொடியில் கதை முடியும். ஒவ்வொன்றிலும் பேனாவால் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மின்தடைக்கு மினி யுபிஎஸ் வாங்குகிறவர்கள் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே மூன்று லித்தியம் செல், ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், 2200 எம்ஏஹெச் என்றால் மொத்தம் சுமார் 24 வாட்-மணி. மோடம் 7 வாட் இழுத்தால், இழப்பு போக மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ரவுட்டரும் சேர்ந்தால் அதில் பாதி. தெருவில் ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், நிறுவனத்தின் முனையில் பேட்டரி இருக்கும்வரை உங்கள் இணைப்பும் உயிரோடு இருக்கும். சில அடுக்குமாடிகளில் ஃபைபர் கீழ்த்தளத்து நெட்வொர்க் சுவிட்ச் (இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) வரை மட்டும் வந்து, அங்கிருந்து லேன் கேபிள் மேலே வரும். அந்த சுவிட்சுக்கு பேக்கப் இல்லையென்றால் உங்கள் யுபிஎஸ் சும்மா விளக்கு எரிக்கும்.

எல்ஓஎஸ் சிவப்பாக மின்னுகிறது

ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிளை உயரமான லோடு லாரி இழுத்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், மரக்கிளை விழுந்திருக்கலாம். பக்கத்து வீட்டிலும் அதே நிறுவனம் என்றால் அங்கே கேளுங்கள். இரண்டு வீட்டிலும் சிவப்பென்றால் பழுது தெருவில். உங்களுக்கு மட்டும் என்றால் வீட்டுக்குள் ஒரு முறை தேடிப் பார்க்கலாம்.

மோடத்தின் அடியிலோ பின்னாலோ சொருகியிருக்கும் பச்சைத் தலை கனெக்டரைப் பாருங்கள். வீடு பெருக்கும்போது மோடம் நகர்ந்து அது அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தாலே போதும், எல்ஓஎஸ் வந்துவிடும். நேராகப் பிடித்து "டக்" என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். அது சரியாக இருந்தால் கேபிளின் பாதையைப் பின்தொடருங்கள். ஜன்னல் கதவு மூடும் இடத்தில் நசுங்கியிருக்கிறதா, சோபாவின் கால் மேலே ஏறியிருக்கிறதா, மிச்சக் கேபிளை அழகாக இருக்கட்டும் என்று சின்னச் சுருளாக்கி இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா. உள்ளே இருக்கும் கண்ணாடி இழை முடியைப் போல மெல்லியது. கூர்மையாக மடித்தால் உடையாவிட்டாலும் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். சுருள் போடுவதென்றால் டீ கிளாஸ் வாய் அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கனெக்டரைக் கழற்றினால் அதன் வெள்ளை நுனியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒளியை மறைக்கும். தொட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு பிரியாத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். சட்டையில் துடைத்தால் இன்னும் கெடும். நுனிக்குள் கண் வைத்துப் பார்க்கவே வேண்டாம். 1490 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் "ஒன்றும் வரவில்லையே" என்று தோன்றும், ஆனால் வந்துகொண்டிருக்கும்.

பச்சைத் தலையும் நீலத் தலையும் ஒன்றல்ல. பச்சையின் நுனி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் கிட்டத்தட்ட நேர். உருவம் ஒன்றேயாதலால் ஒன்றில் மற்றொன்று நுழைந்துவிடும். ஆனால் நுனிகள் ஒட்டி உட்காராது. ஒளி குறையும், சில நேரம் நுனியே கீறிப்போகும். வேறு வீட்டுப் பேட்ச் கார்டை (இரு முனையிலும் தலை உள்ள குட்டி ஃபைபர் கேபிளை) எடுத்து மாட்டுகிறவர்கள் செய்யும் தவறு இதுதான்.

எல்ஓஎஸ் இல்லை, ஆனால் இணைப்பு நாளுக்கு நாலு முறை போகிறது

இங்கேதான் ஒரு எண்ணைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். வைஃபையில் இணைந்தபடி போனின் பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில மோடங்களில் 192.168.100.1, ஜியோவில் 192.168.29.1. லாகின் விவரம் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் பக்கத்தில் பான் அல்லது ஆப்டிகல் என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். அளவு டிபிஎம்; இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை டிபி என்பார்கள். லைன்மேன்கள் போனில் "பவர் எவ்வளவு வருது?" என்று கேட்டுக்கொள்வது இதைத்தான்.

மைனஸ் 15 முதல் மைனஸ் 23 வரை நிம்மதி. மைனஸ் 25 தாண்டினால் ஓரத்தில் நடக்கிறது. மைனஸ் 27-க்குக் கீழே போனால் சாதாரண ஜிபான் (வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள முறை) மோடம் ஒளியைப் படிக்கத் திணறும். இணைப்பு வரும், போகும். மைனஸ் என்பதால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு 3 டிபி இறக்கமும் ஒளியில் பாதியைத் தின்றுவிடும். போன மாதம் மைனஸ் 19, இன்று மைனஸ் 25 என்றால் வந்த ஒளியில் நாலில் ஒரு பங்குதான் மிச்சம்.

ஒளி எங்கே குறைகிறது? ஒன்றை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று சுமார் 10.5 டிபி எடுத்துக்கொள்ளும். அது கணக்கில் உள்ள இழப்பு. கணக்கில் வராதது, இணைப்பு போட்ட கைவண்ணம். மெஷின் வைத்து உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங்கில் இழப்பு 0.1 டிபி-க்கும் குறைவு. அவசரத்துக்குக் கையால் அமுக்கி மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் போட்ட அன்று நன்றாகவே இருக்கும். வெயிலில் காய்ந்து, உள்ளே இழை நகர்ந்து, ஆறு மாதத்தில் 2, 3 டிபி தின்ன ஆரம்பிக்கும். மழை பெய்தால் மட்டும் இணைப்பு போகிறது, வெயில் வந்ததும் வருகிறது என்றால் மொட்டைமாடியிலோ கம்பத்திலோ இருக்கும் ஜாயின்ட் பெட்டிக்குள் ஈரம் இறங்குகிறது. காற்றடித்தால் மட்டும் என்றால் எங்கோ பிடி தளர்ந்து ஆடுகிறது. நேரத்தைக் குறித்து வைத்துச் சொன்னால், வருகிறவர் மோடத்தை மாற்றிவிட்டுப் போகாமல் ஏணியை எடுப்பார்.

பான் விளக்கு நிற்காமல் மின்னிக்கொண்டே இருக்கிறது

ஒளி வருகிறது, ஆனால் நிறுவனத்தின் முனையில் உள்ள இயந்திரம் உங்கள் மோடத்தை ஏற்கவில்லை. மோடத்தை மாற்றியவர் புதிய சீரியல் எண்ணை சிஸ்டத்தில் ஏற்றவில்லை என்பதே வழக்கமான காரணம். வீட்டிலிருந்து செய்ய ஒன்றுமில்லை, புகார்தான். அரிதாக, அதே ஸ்ப்ளிட்டரில் இருக்கும் வேறொரு வீட்டின் பழுதான மோடம் தன் முறை வராத நேரத்திலும் ஒளியை வீசிக்கொண்டே இருந்து, மொத்தத் தெருவையும் முடக்கிவிடும். நாலைந்து வீட்டில் ஒரே நேரத்தில் பான் மின்னினால் அதையும் சொல்லுங்கள்.

பான் நிலையாக எரிகிறது, இன்டர்நெட் விளக்கு இல்லை

கேபிள் நன்றாக இருக்கிறது, லாகின் விழவில்லை. பில் தேதி முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். சிரிப்பாக இருந்தாலும் இதுவே அடிக்கடி காரணம். பணம் கட்டியும் வரவில்லை என்றால் மோடத்தை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், பழைய லாகின் முறிந்து புதிதாக விழும்.

கரண்ட் பட்டென்று போய் வந்த பிறகு இப்படி ஆனால், உங்கள் பழைய லாகின் இன்னும் சர்வரில் உயிரோடு நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெயருக்கு ஒரு லாகின்தான் அனுமதி. பத்து நிமிடம் மோடத்தை அணைத்து வைத்துவிட்டுப் போடுங்கள்.

புதிய ரவுட்டர் மாட்டியதும் வரவில்லை என்றால் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, சந்தேகப்படுங்கள். லேன் கேபிளில் இணைப்புத் தருகிற உள்ளூர் கேபிள் நிறுவனங்கள் சில, பழைய ரவுட்டரின் மேக் எண்ணைத் தங்கள் சர்வரில் கட்டி வைத்திருப்பார்கள். புதிய ரவுட்டரின் வேன் (வெளி இணைப்பு) பக்கத்தில் மேக் குளோன் என்ற இடத்தில் பழைய எண்ணைப் போட்டுவிடலாம், அல்லது போன் செய்து மாற்றச் சொல்லலாம்.

வைஃபை கோடு முழுசாக இருக்கிறது, "இன்டர்நெட் இல்லை" என்கிறது

போனின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினாலோ காலியாக இருந்தாலோ, மோடம் உங்களுக்கு முகவரியே தரவில்லை. 192.168.0 என்று வருகிறது, ஆனால் உங்கள் மோடம் 192.168.1 என்றால் வீட்டில் இன்னொரு பெட்டியும் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது. யாரோ பழைய ரவுட்டரை எடுத்து, அதன் லேன் துளையில் கேபிளைச் சொருகி, அதன் டிஹெச்சிபியை (முகவரி வழங்கும் வசதியை) அணைக்காமல் விட்டிருப்பார்கள். இந்தக் கோளாறின் அடையாளம், ஒருவர் போனில் வரும், பக்கத்திலிருப்பவர் போனில் வராது, அணைத்துப் போட்டால் இருவரும் இடம் மாறுவார்கள். சந்தேகப் பெட்டியின் கேபிளைப் பிடுங்கினால் ஐந்து நிமிடத்தில் விடை தெரியும்.

முகவரி சரியாக இருக்கிறது, ஏற்கெனவே ஓடும் வீடியோ ஓடுகிறது, புதிய தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை. மோடத்தின் டிஹெச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 என்று போட்டுச் சேமியுங்கள். பிறகு போனின் வைஃபையை அணைத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

கூகுள் திறக்கிறது, வங்கித் தளம் மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியூ, அதாவது ஒரு டேட்டா பாக்கெட்டின் உச்ச அளவு. பிபிபிஓஇ என்ற லாகின் முறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் தனக்கு எடுத்துக்கொள்வதால் வேன் பக்கத்தில் 1500 இருக்கக் கூடாது, 1492 போடுங்கள். அதிலும் தொங்கினால் 1460 வரை படிப்படியாக இறக்கிப் பாருங்கள்.

பிளான் 300, போனில் 40-தான் வருகிறது

அதிகம் கோபம் கிளப்பும் கோளாறு இது. பெரும்பாலும் காரணம் போனின் வைஃபை திரையிலேயே எழுதியிருக்கும். ஆண்ட்ராய்டில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் லிங்க் ஸ்பீடு, அலைவரிசை இரண்டும் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 72 எம்பிபிஎஸ் என்று இருந்தால் நீங்கள் பார்க்கும் 40 நியாயமான 40. வைஃபையில் காட்டும் எண்ணில் பாதியோ கொஞ்சம் மேலோதான் கைக்கு வரும். 300 வேண்டுமென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாறுங்கள். அங்கே லிங்க் ஸ்பீடு 433 அல்லது 866 காட்டும். பெயரின் கடைசியில் 5ஜி என்று இருப்பதைப் பார்த்து, சிம் கார்டின் 5ஜி-யைப் பிடித்துவிட்டதாக நினைக்கிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

லிங்க் ஸ்பீடு சரியாக 54-இல் நின்றுவிட்டால் அது வேறு கதை. வைஃபை பாதுகாப்பு டிகேஐபி என்ற பழைய முறையில் இருக்கிறது, அல்லது டபிள்யூஎம்எம் என்ற தேர்வை யாரோ அணைத்திருக்கிறார்கள். பாதுகாப்பை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்றும் டபிள்யூஎம்எம்-ஐ ஆன் என்றும் வைத்தால் சரியாகும்.

லேன் கேபிளில் சோதித்தும் 94, 95-இல் சுவர் போல நிற்கிறதா? எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் துளை வழியில் இருக்கிறது. கிகாபிட் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும். 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி மட்டும் நன்றாக இருந்தால் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஆகவே கிரிம்பிங்கை, அதாவது கேபிள் முனையில் தலையை அமுக்கிய விதத்தை, பாருங்கள். பிளாஸ்டிக் தலையைப் பித்தளைப் பற்கள் மேலே தெரியும்படி, கேபிள் உங்கள் பக்கம் இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். எட்டும் தலையின் முனை வரை போய் முட்டியிருக்க வேண்டும். ஒன்று குறைந்து நின்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தலை போடுங்கள், பத்து ரூபாய் சாமானில் சிக்கனம் வேண்டாம். கம்பி சரி என்றால் ரவுட்டரின் துளையே 100-ஆக இருக்கும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50 டப்பாவில் ஏசி1200 என்று இருக்கும், ஆனால் துளைகள் 10/100 தான். ஆர்ச்சர் சி6-இலும் ஏசி1200, துளைகள் கிகாபிட். டப்பாவின் முன்பக்கத்து எண்ணைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். 100-க்கு மேற்பட்ட பிளான் வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது வேன் துளையின் வேகத்தை.

டவுன்லோடு 12 எம்பி-யில் நிற்கிறது என்று 100 பிளான்காரர் புகார் செய்தால் அது புகாரே இல்லை. பிளானில் பிட், டவுன்லோடில் பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. மாதக் கடைசியில் திடீரென்று ஊர்ந்தால் டேட்டா எல்லையைப் பாருங்கள். அன்லிமிடெட் என்று விற்கும் பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் இறங்கும்.

ஹாலில் பறக்கிறது, மாடியில் சாகிறது

கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தையும் 9 அங்குலச் செங்கல் சுவரையும் 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி, பெரிய நிலைக்கண்ணாடி மூன்றும் அலையை விழுங்கும் அல்லது திருப்பும். மோடத்தை டிவிக்குப் பின்னாலும் பரண் மேலும் வைத்துவிட்டுப் புதிய ரவுட்டர் தேடுவது காசுக்குக் கேடு. கேபிள்காரர் ஜன்னலோரம், ஓட்டை போட வசதியான மூலையில்தான் மாட்டுவார். ஃபைபர் வீட்டுக்குள் இருபது முப்பது மீட்டர் கூடுதலாக ஓடினாலும் இழப்பு இல்லையென்றே சொல்லலாம். அதனால் அவர் டிரில்லை எடுக்கும் முன்பே "வீட்டு நடுவுல, ஆள் உயரத்துல வையுங்க" என்று கேட்டுவிடுங்கள். பிறகு மாற்றச் சொன்னால் தனிக் கட்டணம்.

வைஃபை அனலைசர் செயலியில் படுக்கையறையில் நின்று அளந்து பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் வரை வீடியோ கால் நிற்கும். மைனஸ் 75 தாண்டினால் முகம் உறையும். மாடிக்குத் தீர்வு ஒரு கேட்6 லேன் கேபிளும் பழைய ரவுட்டரும்தான். ரிப்பீட்டர் அதே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும்; கேபிள் இழுக்கவே வழியில்லாத வீட்டுக்கு மட்டும் அதை வாங்கலாம். பழைய ரவுட்டரை அமைக்கும் முறை: மோடம் 192.168.1.1 என்றால் அதன் முகவரியை 192.168.1.2 ஆக மாற்றுங்கள், டிஹெச்சிபியை அணையுங்கள், கீழிருந்து வரும் கேபிளை அதன் வேன் துளையில் போடாமல் லேன் துளையில் போடுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே இருப்பதே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1, மேலே 6 அல்லது 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 1, 6, 11 தவிர வேறு எண் போட்டால் இரண்டு பக்கத்து வீட்டோடும் சேர்ந்து மோதும்.

டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே தெரியவில்லை என்றால் சேனலை 36 முதல் 48-க்குள் வையுங்கள். 52 முதல் 144 வரை ரேடார்களும் பயன்படுத்தும் பகுதி. பல ரவுட்டர்கள் அங்கே ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே ஒலிபரப்பும், பழைய டிவிகள் அந்தப் பகுதியைத் தேடவே தேடாது. ஸ்மார்ட் பல்பும் மலிவான கேமராவும் 2.4 மட்டும் அறிந்தவை, அவற்றுக்கு இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைப்பதே நிம்மதி.

ராத்திரி மட்டும் மெதுவாகிறது; யாராவது போட்டோ ஏற்றினால் எல்லோருக்கும் திக்குகிறது

இரவு எட்டு முதல் பதினொன்றுக்குள் லேன் கேபிளிலும் வேகம் விழுந்தால் நெரிசல் நிறுவனத்தின் பக்கம். ஜிபானில் 2.5 ஜிபிபிஎஸ்-ஐத்தான் ஒரே ஸ்ப்ளிட்டர் வரிசையில் உள்ள 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மூன்று நாள் ஒரே நேரத்தில் கேபிளில் அளந்த படத்தை அனுப்பிப் புகார் செய்யுங்கள். கேபிளில் சரி, வைஃபையில் மட்டும் மெதுவு என்றால் பக்கத்து வீட்டு வைஃபைகள் மோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

இரண்டாவது வகை வேறு. போனிலிருந்து போட்டோ பேக்கப் ஓடும்போது அப்லோடு வழி நிரம்பி, மற்றவர்களின் சின்னச் சின்னக் கோரிக்கைகள் வரிசையில் நிற்கும். ரவுட்டரில் கியூஓஎஸ் (வேகத்தைப் பங்கிட்டுக் கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் அப்லோடையும் டவுன்லோடையும் அளந்த வேகத்தில் 85–90 சதவீதத்துக்குக் கட்டுங்கள். கொஞ்சம் வேகம் போகும், வீடியோ கால் திக்காது.

சொந்த ரவுட்டர் மாட்டிய பிறகு வரும் வம்புகள்

முதலில் வாங்கும்போது: டெலிபோன் வயர் சொருகும் சிறு துளை உள்ள ஏடிஎஸ்எல் மோடம் ரவுட்டர்கள் இன்றும் பழைய சாமான் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும். அந்தத் துளை ஃபைபருக்கு உதவாது. ஓஎன்டியையே சொந்தமாக வாங்குவதென்றால் உள்ளூர் நிறுவனத்தில் இபானா ஜிபானா என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பான் என்று போட்டிருந்தால் இரண்டிலும் ஓடும். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் சீரியல் எண்ணைத் தவிர வேறொன்றை ஏற்காது, அங்கே ரவுட்டர் மட்டும் வாங்கினால் போதும்.

மாட்டியதும் ரவுட்டரின் பக்கம் திறக்க மறுத்தால், மோடமும் ரவுட்டரும் இரண்டுமே 192.168.1.1. ரவுட்டரைத் தனியாக லேப்டாப்பில் இணைத்து 192.168.10.1 ஆக மாற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

சிசிடிவி வீட்டில் தெரிகிறது, வெளியூரிலிருந்து தெரியவில்லை என்றால் வேன் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பகிர்கிறது. போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து கேமராவுக்கு வழி விடும் அமைப்பை) எத்தனை முறை போட்டாலும் வேலைக்காகாது. கேமராவின் க்யூஆர் கோடு செயலி வழியாகப் பாருங்கள், அல்லது நிறுவனத்திடம் ஸ்டேடிக் ஐபி (உங்களுக்கென்றே மாறாத பொது முகவரி) கேளுங்கள்.

புகார் சொல்லும்போது

"நெட் வரல" என்றால் அந்தப் பக்கம் இருப்பவர் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பான் நிலையா எரியுது, எல்ஓஎஸ் இல்லை. ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 27. போன வாரம் மைனஸ் 20. மழை பெய்தா போகுது. லேன்லயும் சோதிச்சாச்சு." ஏணியோடு ஆள் வர இதுவே போதும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும்.

வந்தவர் வேலை முடித்துக் கிளம்பும் முன் அவர் கண்முன்னே ஆர்எக்ஸ் எண்ணை மறுபடி பாருங்கள். மைனஸ் 25-இலேயே நின்றால் "விளக்கு எரியுதுல்ல சார்" என்பதை ஏற்காமல், கனெக்டரை மறுபடி போடச் சொல்லுங்கள். சரியான எண் வந்ததும் அதையும் தேதியையும், அவரிடம் கேட்டு லாகின் பெயரையும் விலான் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள்.